திரும்பத் திரும்ப அளக்கப்பட்ட ஊர்

திருநெல்வேலியிலிருந்து மதுரைச் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் கங்கைகொண்டான். சிப்காட் தொழிற்பேட்டை, டயர் கம்பெனி, புள்ளிமான் சரணாலயம் என்று பேப்பரில் அடிக்கடி அடிபடும் பெயர். (ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம் வேறு, இது சிற்றாற்றங்கரை ஊர்.) ஆனால் பொருளியல் ஆய்வாளர்கள் இந்த ஊரை அறிந்திருப்பது வேறு காரணத்தால். 1916-இல் இங்கே ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதன் பிறகு தலைமுறைக்குத் தலைமுறை யாராவது நோட்டும் பேனாவுமாக வந்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். உலகத்திலேயே இவ்வளவு நீண்ட காலம் தொடரப்பட்ட கிராமங்கள் சொற்பம்.

தொடங்கி வைத்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியர். அதற்கு முன் ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்துக் குடியானவர்கள் தங்கள் பொது நிலத்தை எப்படிப் பறிகொடுத்தார்கள் என்று ஏற்கெனவே புத்தகம் எழுதியவர். அப்படிப்பட்டவர் சென்னைக்கு வந்ததும் நூலகத்தில் உட்காரவில்லை. மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பிவிட்டார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, மாடு எத்தனை என்று கேட்டு வரச் சொன்னார். கங்கைகொண்டான், வடமலைபுரம், இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி போன்ற ஊர்களின் விவரங்கள் 1918-இல் நூலாக வந்தன.

ஸ்லேட்டரின் மாணவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1916 டிசம்பரில்தான் பிட்டி தியாகராயர் பிராமணரல்லாதார் அறிக்கையை வெளியிட்டார். அரசுப் பதவிகளில் பெரும்பங்கு பிராமணர் கையில் என்பது அதன் முக்கியமான முறையீடு; பட்டதாரிகளிலும் பெரும்பங்கு அவர்களே. கல்லூரிப் பையன் ஒருவன் கணக்கெடுக்க வந்தால் அவனுக்கு எந்தத் திண்ணையில் பாய் விரிப்பார்கள், எந்தத் தெருவுக்குள் அவன் போயிருக்கவே மாட்டான் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அந்தப் பழைய எண்களைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

மறு ஆய்வு 1936-37-இல் வந்தது. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் நடத்தியது. நடுவே உலகப் பெருமந்தம் வந்து நெல் விலையைக் கவிழ்த்திருந்தது. விலை பாதியாகக் குறைந்தால், வாங்கிய கடனை அடைக்க இரண்டு மடங்கு நெல் விற்க வேண்டும். ஒரே ஒரு முறை எடுத்த கணக்கு ‘கடன் இவ்வளவு’ என்று மட்டும் சொல்லும். இரண்டாம் கணக்கு வந்த பிறகுதான் ‘ஏறுகிறதா, இறங்குகிறதா’ என்று கேட்கவே முடிகிறது.

ஆனால் ஒப்பிடுவது லேசான வேலை இல்லை. கூலியையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று வயலில் இறங்கியவருக்குப் பெரும்பாலும் நெல்லாகத்தான் கூலி; இன்று ரூபாய். 1916-இன் அணாவை இன்றைய ரூபாயாக மாற்றினால் ஒன்றும் விளங்காது. இரண்டையும் ‘ஒரு நாள் கூலிக்கு எத்தனை படி அரிசி’ என்று மாற்றிப் பார்த்தால் ஓரளவு விளங்கும். அதிலும் படிக்குப் படி வித்தியாசம் உண்டு. இங்கே வழங்கிய மரக்கால் வேறு, தஞ்சாவூர் மரக்கால் வேறு. நிலக் கணக்கு இன்னும் சிக்கல். பட்டா தாத்தா பெயரில் இருக்கும், உழுகிறவர் வாரத்துக்கோ குத்தகைக்கோ பிடித்தவராக இருப்பார், கிராமக் கணக்கான அடங்கலில் மூன்றாவதாக ஒன்று எழுதியிருக்கும். வீடு வீடாகப் போய்க் கேட்காமல் உண்மை வெளியே வராது.

1984-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் வெங்கடேஷ் ஆத்ரேயா இங்கு வந்து எழுதிய அறிக்கையின் தலைப்பில் மாற்றம், நிலைபேறு இரண்டுமே இருந்தன. ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 2012-இல் எழுதிய கட்டுரையோ கங்கைகொண்டானைக் ‘கிராமத்து நகரியம்’ என்ற பெயரில் பேசுகிறது. நிலம் வைத்திருந்த அக்ரகாரத்தின் பிடி போய்விட்டது. விவசாயம் ஊரின் முதுகெலும்பாக இல்லை. ஆனாலும் ஊர் பட்டணமாகிவிடவும் இல்லை. அந்த மூவரில் ஜெயரஞ்சன் 2021-இல் தமிழக அரசின் வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் துணைத் தலைவர் ஆனார். ஊர் ஊராகச் சுற்றிய ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தது நல்ல விஷயம் என்பது என் எண்ணம்.

நூறாண்டுக் கேள்வித்தாளில் இன்று சேர்க்க வேண்டியது தண்ணீர். சிப்காட்டுக்குத் தாமிரபரணித் தண்ணீர், சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து வருகிறது. குளிர்பான கம்பெனிகளுக்கு அந்தத் தண்ணீரைத் தரலாமா என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் தடை விதித்தது. 2017 மார்ச்சில் தடை விலகியது. உபரி நீர்தான் தருகிறோம் என்றது ஒரு தரப்பு. பாசனத்துக்கே பற்றவில்லை என்றது மறுதரப்பு. கடைமடை வயலுக்கு எந்த மாதம் எத்தனை நாள் தண்ணீர் வந்தது என்று 1916 முதல் ஒருவர் எழுதி வைத்திருந்தால், அந்த வாதம் இவ்வளவு அந்தரத்தில் நின்றிருக்காது. தொழிற்பேட்டை வாசலுக்குள் தினமும் போகிறவர்களில் இந்த ஊர்க்காரர் எத்தனை பேர், அவர்களில் நிரந்தர வேலை எத்தனை பேருக்கு என்பதும் இப்படி எழுதி வைக்க வேண்டிய கணக்குதான். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் பற்றிய கேள்விகளும் சேர வேண்டும். ஏர் பிடித்த உடம்பு ஷிஃப்டு வேலைக்குப் போனால் என்ன ஆகிறது என்று அவை காட்டும்.

இந்தக் கணக்கெடுப்புக்கு இனி வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டாம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அதே மாவட்டத்தில், அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு வகுப்பு மாணவர்களை, எல்லாத் தெருவுக்கும் போகிறவர்களாகப் பார்த்து, கங்கைகொண்டானுக்கு அனுப்பலாம். 1918 முதல் வந்த அறிக்கைகளைத் தமிழாக்கி முதல் பிரதியை அந்த ஊர் நூலகத்தில் வைக்கட்டும். இத்தனை காலம் பதில் சொன்னவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தானே.