பூட்டும் கைப்பேசியும்

திண்டுக்கல் என்றவுடன் பலருக்கும் பூட்டே நினைவுக்கு வரும். கையால் செய்யப்பெறும் அப்பூட்டுகளுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. முற்காலத்தில் இல்லத்துப் பணம் பெட்டியில் இருந்தது. பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் செலவு கட்டுக்குள் நின்றது. இன்றோ, பெட்டி பூட்டியபடியே இருக்கவும் பணம் வெளியேறும் வழி ஒன்று உண்டு. அதுவே கைப்பேசி.

இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு, 1995ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து தில்லிக்குச் சென்றது. அந்நாளில் பேசுவோர் மட்டுமன்றி, அழைப்பைப் பெறுவோரும் கட்டணம் செலுத்தினர். 2003ஆம் ஆண்டில் பெறுவோர் கட்டணம் நீங்கியது. அதன்பின் செல்வர் கையில் இருந்த கருவி எளியோர் கைக்கும் வந்தது. நிலக்கோட்டையில் பூப்பயிரிடுவோரும் சின்னாளபட்டியில் தறி நெய்வோரும் இன்று அதனாலேயே விலை அறிகின்றனர்.

கைப்பேசிக் கட்டணம் இருவகைப்படும். முன்பணம் செலுத்திப் பேசுவது ஒன்று. பேசிய பின் மாதந்தோறும் செலுத்துவது மற்றொன்று. முன்னதில் செலவு செலுத்திய தொகையோடு நிற்கும். பின்னதில் வரம்பு கேட்டு அமைக்காவிடின், மாத முடிவில் வரும் பட்டியலே செலவை உணர்த்தும்.

முன்பணத்திலும் கணக்கு வேண்டும். பல திட்டங்களின் கெடு 28 நாள், மாதம் அன்று. 28ஐ 13ஆல் பெருக்கினால் 364 ஆகும். எனவே ஓராண்டில் பன்னிரண்டு முறையன்று, பதின்மூன்று முறை பணம் செலுத்த நேரும். ஒரு முறைக்கு 200 ரூபாய் எனக் கொண்டால், நால்வர் உள்ள இல்லத்தில் இவ்வொரு முறையால் மட்டும் 800 ரூபாய் மிகும். இதனைக் கருதியே, 30 நாள் கெடு உடைய திட்டம் ஒன்றேனும் இருத்தல் வேண்டுமென இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022ஆம் ஆண்டில் ஆணையிட்டது.

இல்லத்து முதியோரை எண்ணிப் பாருங்கள். வெளியூரில் வேலை செய்யும் மகனின் குரலைக் கேட்கவே பாட்டி கைப்பேசி வைத்திருக்கிறார். ஏதோ ஒரு பொத்தானை அறியாது அழுத்திவிடுகிறார். பாட்டுச் சேவை ஒன்று தொடங்கி அவர் பணத்தைக் குறைக்கிறது. இத்தகைய சேவைகளுக்கு இருமுறை இசைவு பெறவேண்டுமென ஆணையம் 2013ஆம் ஆண்டில் விதித்தது. இணையம் வேண்டாதவருக்குப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் தரவேண்டுமென 2024ஆம் ஆண்டில் மற்றொரு விதியும் செய்தது. விதி இருந்தும், அதனைக் கேட்டுப் பெறாதவர்க்குப் பயன் இல்லை. பாட்டிக்காகக் கேட்பது வீட்டுப் பிள்ளைகளின் கடமை அன்றோ?

செலவைக் காக்கும் வழிகள் எளியவை. ஒவ்வொருவரின் திட்டத்தையும் கெடு முடியும் நாளையும் ஓர் ஏட்டில் எழுதி வைக்கலாம். அவரவர் பயன்பாட்டை அளந்து, அதற்கேற்ற திட்டத்தைத் தேரலாம். வேண்டாத சேவைகளை நிறுத்துமாறு கோரலாம். தானாகப் பணம் கழியும் இசைவுகளை மாதம் ஒருமுறை சரிபார்க்கலாம்.

எனினும், சிக்கனம் என்னும் பெயரால் முதியோரின் கைப்பேசியைப் பறித்தல் தகாது. கெடு முடிந்து புதுப்பிக்காவிடின், சில நாளில் வரும் அழைப்புகளும் நின்றுவிடும். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் உறவினரை அழைக்கவும் வழி இராது. சிறுவர் மறைவாகச் செலவிட்டால் அடிப்பதைவிட, அவரையே அருகில் அமர்த்திக் கணக்கெழுதச் செய்தல் நன்று. தன் கையால் எழுதிய செலவு தன்னையே தடுக்கும்.

பூட்டு திருடருக்காகச் செய்யப்பட்டது, வீட்டாருக்காக அன்று. கைப்பேசிச் செலவுக்குப் பூட்டு கணக்கேடு. அதன் சாவி வீட்டார் அனைவர் கையிலும் இருத்தல் வேண்டும்.