கத்திரி வெயிலில் ஊசியும் பூந்தொட்டியும்

தேர்வுகள் முடிந்துவிட்டன. பள்ளிக்கூடக் கதவுகளும் மூடப்பட்டுவிட்டன. ஆனால் வெளியே கால் வைக்க முடியவில்லை. தார்ச்சாலை கொதிக்கிறது. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வாழும் மாணவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தொழிற்சாலைகள், நடுவே துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. பல வீடுகளில் விளையாட முற்றம் கிடையாது. ஒரு ஜன்னலும், மொட்டை மாடியில் ஒரு மூலையும் இருந்தால் அதுவே பெரிது.

அந்த இரண்டு இடங்களே போதும். மாடி மூலையில் நான்கு பூந்தொட்டிகள்; ஜன்னலருகே ஒரு துண்டுத் துணி, ஓர் ஊசி, கொஞ்சம் வண்ண நூல். இந்த இரண்டு வேலைகளுக்கும் கோடை நாளில் தனித்தனியே நேரம் உண்டு. காலையும் மாலையும் செடிக்கு, நண்பகல் ஊசிக்கு. இது நம் வசதிக்காக வைத்துக்கொண்ட கணக்கு அன்று. வெயில் வகுத்துக் கொடுத்த கால அட்டவணை. செடிகளும் இதே அட்டவணையைத்தான் பின்பற்றுகின்றன.

நண்பகல் ஏன் ஆபத்தானது?

வெயிலில் கடலைவிட நிலம் விரைவாகச் சூடேறும். நிலத்தின் மேலுள்ள சூடான காற்று எழும்பும்போது, கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று நிலத்தை நோக்கி வருகிறது. இதுவே கடற்காற்று. மே மாதத்தில் இது வழக்கமாகப் பிற்பகலில் வீசத் தொடங்கும். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று வலுவாக இருந்தால் கடற்காற்று தாமதப்படும். வெப்பமும் ஏறிக்கொண்டே போகும். 2003ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னையில் வெப்பநிலை 45 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டது.

நம் உடல் வியர்வையை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கடலோரக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் மிகுதி. அதனால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் சூடும் தணிவதில்லை. ஆகவே காலை பதினொரு மணி முதல் பிற்பகல் நான்கு மணி வரை மாடிக்குப் போக வேண்டாம். செடியும் அந்த நேரத்தில் நம்மை எதிர்பார்ப்பதில்லை.

காலை: தொட்டியை எங்கே வைப்பது?

முதலில் சூரியனைக் கவனியுங்கள். ஆண்டின் பெரும்பகுதியில் சென்னையில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். ஏப்ரல் 24, 25 தேதிகளை ஒட்டி அது நேர் உச்சிக்கு வரும். அன்று பகல் 12 மணி 7 நிமிட அளவில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு வைத்தால் அதற்கு நிழலே விழாது. அதன் பிறகு ஆகஸ்ட் 18 வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கேயே நிற்கும். ஜூன் 21 அன்று சுமார் 10 டிகிரி வடக்கே இருக்கும்.

தை மாதத்தில் மாடிச் சுவரின் வடக்குப் பக்கத்தில் நிழலில் இருந்த தொட்டி வைகாசியில் வாடிப்போவதற்கு இதுதான் காரணம். நிழல் இடம் மாறிவிட்டது! கோடையில் தொட்டிகளை எங்கே வைப்பது என்பதை நிழலைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்ற ஏற்ற நேரம் அதிகாலை. நண்பகலில் ஊற்றினால் நீர்த்துளிகள் பூதக்கண்ணாடி போல் வேலை செய்து இலையைக் கருக்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வழவழப்பான இலைகளில் நீர்த்துளிகளால் கருகல் ஏற்படவில்லை. அப்படியானால் நண்பகலில் ஏன் ஊற்றக்கூடாது? தண்ணீரின் ஒரு பகுதி வேருக்குப் போகுமுன்பே ஆவியாகி வீணாகிவிடும் என்பதுதான் காரணம். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருக்களில் இது சிறிய விஷயம் அன்று. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீருமே நாலு தொட்டிகளுக்குப் போதும்.

கிணற்று நீரோ உப்புக் கரிக்கிறது. வேரின் செல்களுக்குள் இருக்கும் கரைசலைவிட மண்ணில் உள்ள நீர் அதிக உப்பாகிவிட்டால், சவ்வூடு பரவலின்படி வேரால் நீரை உறிஞ்ச முடியாது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் செடி தாகத்தால் வாடும். இரண்டு உருளைக்கிழங்குத் துண்டுகளை எடுத்து, ஒன்றை நல்ல நீரிலும் மற்றதை உப்பு நீரிலும் இரண்டு மணி நேரம் போட்டு வையுங்கள். ஒன்று விறைப்பாக இருக்கும், மற்றது துவண்டுவிடும். உங்கள் மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பொரிந்திருப்பதும் உப்புதான். நீர் ஆவியாகிவிட, உப்பு அங்கேயே தங்கிவிட்டது.

பகலில் மூச்சடக்கும் செடி

இந்த வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கிப் பூக்கும் செடிகள் எவை? முதல் செடி பத்துமணிப் பூ. டேபிள் ரோஸ் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. ஒரு சிறு கிளையைக் கிள்ளி நட்டாலே பிடித்துக்கொள்ளும். வெயில் ஏறியதும் விரிந்து பிற்பகலில் சுருங்கும். மப்பான நாளில் சரியாக விரியாது.

இதன் நெருங்கிய உறவுதான் கீரைக்காரம்மா விற்கும் பருப்புக்கீரை. இந்தக் குடும்பத்தின் இலைகள் ஏன் தடித்திருக்கின்றன?

பொதுவாகச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி ஒளிச்சேர்க்கை செய்கின்றன. திறந்த துளை வழியே நீராவியும் வெளியேறுகிறது. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இப்படியே போய்விடும். கடும் வெயிலில் செடி துளைகளை மூடிக்கொண்டால் நீர் மிஞ்சும். ஆனால் உணவு தயாரிப்பு தடைப்படும். இது பெரிய தருமசங்கடம்!

பருப்புக்கீரை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நீர் குறையும்போது இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அதை மாலிக் அமிலமாகச் சேமித்து வைக்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை எடுத்துச் சமைக்கிறது. சாதாரண நாட்களிலோ அது கரும்பும் சோளமும் கையாளும் விரைவான முறையில் ஒளிச்சேர்க்கை செய்கிறது. இந்த இரண்டு முறைகளும் பருப்புக்கீரையின் ஒரே செல்லுக்குள் இணைந்து நடப்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் விளக்கினர்.

இதை நாக்காலேயே சோதிக்கலாம். வீட்டுத் தொட்டியில் வளர்த்த பருப்புக்கீரைக்குச் சில நாட்கள் தண்ணீர் ஊற்றாமல் இருங்கள். பிறகு ஓர் இலையை விடியற்காலையிலும் இன்னொன்றை மாலையிலும் பறித்துக் கழுவிச் சுவைத்துப் பாருங்கள். காலை இலையில் புளிப்பு கூடுதலாக இருக்கும். இரவில் சேர்ந்த அமிலத்தின் சுவை அது. இது பருப்புக்கீரைதான் என்று வீட்டில் ஆயாவோ அம்மாவோ சொன்ன பிறகே வாயில் வைக்க வேண்டும்.

இரண்டாவது செடி நித்தியகல்யாணி. கடலோர மணலிலும் சுவர் இடுக்கிலும் யாரும் கவனிக்காமலே பூத்துக் கிடக்கும். இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. இதிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. மருந்து தரும் இச்செடி நஞ்சும் ஆகும். பார்த்து மகிழுங்கள், வாயில் வைக்காதீர்கள்.

நண்பகல்: ஊசி எடுக்கும் நேரம்

பதினொரு மணி ஆகிவிட்டது. இறங்கி வாருங்கள்.

வடசென்னைக்கு ஊசியும் நூலும் புதியவை அல்ல. திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். ‘காலெட் பேட்டை’தான் காலடிப்பேட்டை ஆயிற்று. கம்பெனி வாங்கிய துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. காசிமேட்டுத் துறைமுகத்துக்குச் சென்றால் இன்றும் பெரிய அளவில் ஊசிவேலை நடப்பதைப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனம் பெருக்குவதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த நாட்களில் மீனவர்கள் நிழலில் அமர்ந்து வலைகளைப் பழுது பார்ப்பார்கள். வலையின் ஒவ்வொரு கண்ணும் தனி முடிச்சால் நிற்கிறது. ஆகவே ஒரு கண் அறுந்தாலும் மற்றவை பிரிந்து போவதில்லை. ஆகையால், ஊசிவேலை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று யாராவது சொன்னால் அவர்களைக் காசிமேட்டுக்கு அனுப்பி வையுங்கள்!

நாம் பழகப்போவது கிராஸ் ஸ்டிட்ச். கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில் பெருக்கல் குறி போலத் தைத்து உருவம் கொண்டுவரும் வேலை. முதலில் கிராஃப் தாளில் உங்கள் பத்துமணிப் பூவை வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வண்ணம் குறித்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சித் திரையிலும் கைப்பேசியிலும் படம் தோன்றுவது இதே முறையில்தான். அங்கும் படம் என்பது வண்ணப் புள்ளிகளின் கட்டமே.

இப்போது ஒரு கணக்கு. கட்டத்தின் பக்கம் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பைதாகரஸ் தேற்றப்படி அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 3.5 மி.மீ. ஒரு பெருக்கல் குறிக்கு முன்புறம் இரண்டு மூலைவிட்டங்கள், 7 மி.மீ.; பின்புறம் இரண்டு நேர் இழைகள், 5 மி.மீ. ஆக மொத்தம் 12 மி.மீ. ஆயிரம் தையலுக்கு 12 மீட்டர் நூல் வேண்டும். கடையில் கிடைக்கும் எம்பிராய்டரி நூல்கண்டு வழக்கமாக 8 மீட்டர்; அதில் ஆறு இழைகள். இரண்டிரண்டு இழையாகப் பிரித்துத் தைத்தால் 24 மீட்டர் கிடைக்கும். ஒரு கண்டு நூலில் எத்தனை தையல் போடலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஊசியிலும் பௌதிகம் உண்டு. நுனியின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று கொள்வோம். நூறு கிராம் எடை அளவுக்கு அழுத்தினால் போதும், நுனியில் ஏறத்தாழ ஆயிரம் வளிமண்டல அழுத்தம் உண்டாகும். சாதாரண ஊசி துணியைத் துளைப்பது இதனால்தான். கட்டத் துணியில் துளைகள் முன்பே இருப்பதால் கிராஸ் ஸ்டிட்சுக்கு மழுங்கிய நுனி ஊசியே ஏற்றது. கைக்கும் நல்லது.

கடற்காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். இரும்பும் பிராண வாயுவும் ஈரமும் சேர்ந்தால் துரு. உப்பு அதை விரைவுபடுத்தும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தொட்ட துணியில் ஊசியைக் குத்தி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். தைக்குமுன் துடைத்துக்கொள்ளுங்கள்.

நூலின் வண்ணத்துக்கும் ஒரு கதை உண்டு. இராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்ட அதே 1856ஆம் ஆண்டில், லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்னும் 18 வயது மாணவர் ஈஸ்டர் விடுமுறையில் வீட்டிலேயே சோதனை செய்துகொண்டிருந்தார். மலேரியாவுக்கான கொயினாவைச் செயற்கையாகத் தயாரிப்பது அவர் நோக்கம். கிடைத்ததோ ஊதா நிறச் சாயம்! செயற்கைச் சாயத் தொழில் அந்த விடுமுறையில்தான் வேர்விட்டது.

உங்கள் நூலின் சாயம் எவ்வளவு உறுதியானது? நாலைந்து வண்ண நூல்களை அட்டையில் சுற்றி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று வாரம் வையுங்கள். பிறகு தாளை எடுத்து ஒப்பிடுங்கள். வெளுக்காத நூலையே தேர்ந்தெடுங்கள்.

மாலை: அந்திமந்தாரை விரிகிறது

நான்கு மணிக்குமேல் மாடிக்குப் போகலாம். கடற்காற்று வந்திருக்கும். அந்திமந்தாரை அப்போதுதான் கண் விழிக்கும். நண்பகல் வெப்பத்தைத் தவிர்த்து மாலையில் மலர்ந்து, மணம் பரப்பி, இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்கிறது. மண்ணுக்கடியில் உள்ள கிழங்கு வறட்சியைத் தாண்ட உதவுகிறது. இதன் விதையும் வேரும் நஞ்சு. சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிரியல் பாடத்தில் வரும் பூ இது. சிவப்புப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்தால் இளஞ்சிவப்புப் பூ கிடைக்கும். மெண்டலின் விதிகளை 1900இல் மீண்டும் கண்டறிந்தவர்களில் ஒருவரான கார்ல் காரென்ஸ் ஆராய்ந்த செடிகளில் இதுவும் ஒன்று. வெள்ளைத் திட்டுள்ள இலைகளின் தன்மை தாய்ச் செடி வழியாகவே வருகிறது என்று 1909இல் அவர் காட்டியதும் இச்செடியைக் கொண்டுதான்.

மாலையில் இன்னொரு வேலையும் இருக்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கி மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் இயங்குகிறது. லாரிப் புழுதியும் சேர்ந்துகொள்கிறது. இலையின் மேல் தூசி படிந்தால் ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய வெளிச்சம் குறையும். ஒட்டும் டேப் துண்டை இலைமேல் அழுத்தி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். சாலையைப் பார்த்த தொட்டி ஒன்று, உள்பக்கத் தொட்டி ஒன்று. வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், தேதியோடு ஒட்டி வாருங்கள். நீங்கள் மூச்சாக இழுக்கும் காற்றைப் பற்றி உங்கள் கையாலேயே சேகரித்த சான்று அது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பூ விரிந்த மணி, சுருங்கிய மணி, கடற்காற்று வந்த நேரம், ஊற்றிய தண்ணீர் எத்தனை குவளை, அன்று போட்ட தையல் எத்தனை என்று எழுதி வாருங்கள். பள்ளி திறக்கும்போது உங்களிடம் நாலு தொட்டிப் பூக்களும், தைத்த பூ ஒன்றும், அறிவியல் ஆசிரியரிடம் காட்டுவதற்கு ஒரு மாதத்துக் கணக்கும் இருக்கும்.