கிரீட் தீவின் உணவும் பாகூர்ச் சமையலறையும்

மாரடைப்பிலிருந்து மீண்ட பெரியவர் ஒருவர், பாகூர் கொம்யூனின் சிற்றூர் ஒன்றிலிருந்து மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். உடன் வந்த மகள் பையிலிருந்து ஒரு சிறிய புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஆலிவ் எண்ணெய் டாக்டர். இதயத்துக்கு நல்லது என்றார்கள். அப்பாவுக்கு இப்போது இதில்தான் சமைக்கிறேன்" என்றார். இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். அதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தது. எண்ணெய்க்கே செலவு மிகுந்துவிட்டதாம். இதுவே மருந்தாகும் என்று யாரோ சொன்னார்களாம்.

மகளின் அன்பில் குறையில்லை. ஆனால் அந்த எண்ணெய்க்குப் புகழ் வந்த கதை அவருக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை. நம் வாசகர்கள் பலருக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அன்று வந்த சாடிகள்

மத்தியதரைக் கடல் நாடுகளின் எண்ணெய் நம் மண்ணுக்குப் புதியதன்று. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். அங்கே கிடைத்த பொருள்களுள், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் உண்டு. திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், மீன் குழம்புச் சாறு ஆகியவற்றை அத்தகைய சாடிகளில் கொண்டுவந்தனர். அன்று வந்தது சாடிதான். அந்த நாட்டுச் சமையல் வரவில்லை. இன்றும் அதே நிலைதான்.

கிரீட் தீவின் தட்டு

அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் 1958இல் ஏழு நாடுகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 40 முதல் 59 வயது வரையிலான ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் இதயநோய் இறப்பு மிகக் குறைவாக இருந்தது. அத்தீவினர் உண்ட கொழுப்பு குறைவன்று. ஆனால் அதில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய்.

அந்த எண்ணெயை அவர்கள் எதனோடு உண்டனர் என்பதையும் பார்க்கவேண்டும். மலைச்சரிவில் பறித்த கீரைகளை வேகவைத்து, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து உண்டனர். பட்டாணிப் பருப்பை மசித்தும், அவரையினங்களைக் குழம்பாக்கியும் உண்டனர். வாற்கோதுமை ரொட்டி, பழங்கள், அவ்வப்போது மீன் ஆகியவையும் உண்டு. இறைச்சி குறைவு, திருச்சபை நோன்பு நாள்களில் அதுவும் இல்லை. நாள் முழுதும் வயலில் உழைத்தனர்; எங்கும் நடந்தே சென்றனர்.

பின்னர் ஸ்பெயினில் 7,400க்கும் மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2013இல் வெளியாகி, குறைகள் நீக்கப்பட்டு 2018இல் மீண்டும் வெளியானது. இவ்வகை உணவோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன. எண்ணெய் பெற்றவர்களுக்கும் பருப்பு பெற்றவர்களுக்கும் நன்மை ஏறக்குறைய ஒன்றே. அவர்கள் தம் வழக்கமான மருந்துகளையும் தொடர்ந்து உட்கொண்டு வந்தனர் என்பதை மறக்கலாகாது.

நம் ஊரில் அதே தட்டு

கிரீட் மக்கள் விரும்பி உண்ணும் கீரைகளுள் ஒன்று, நம் சந்தையில் கிடைக்கும் பருப்புக்கீரையே. அதையோ, முருங்கை, தண்டுக்கீரை போன்றவற்றையோ நாள்தோறும் சேர்த்துக்கொள்ளுங்கள். உளுந்து, பாசிப்பயறு, காராமணி, துவரை ஆகியவற்றுள் ஒன்று இரு வேளையும் இருக்கட்டும். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்போ மீனோ, கால் பங்கு சோறு என்பது எளிய கணக்கு.

நம் மல்லாட்டை அந்த ஸ்பெயின் ஆய்வில் இடம்பெறவில்லை. எனினும் அதன் கொழுப்பும் பெரும்பாலும் நிறைவுறாக் கொழுப்பே. உப்பில்லாமல் வறுத்தோ வேகவைத்தோ ஒரு கைப்பிடி போதும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் நமக்குப் போதுமானவை. ஆனால் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். எந்த எண்ணெயானாலும் கலோரி ஒன்றே. கவலை, கானாங்கெளுத்தி, நெத்திலி மீன்களைப் பொரிக்காமல் குழம்பாக்குங்கள். கருவாடும் ஊறுகாயும் உப்பு மிகுந்தவை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் கூடாது. அது ஒரு தேக்கரண்டி அளவே.

இவர்கள் கவனிக்க

சிறுநீரக நோயாளிகள் கீரை, பயறு, பழங்களின் அளவை மருத்துவரிடம் கேட்ட பின்னரே கூட்டவேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை உட்கொள்வோர் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மத்தியதரைக் கடல் மக்கள் மது அருந்துகிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். இதயத்துக்காக மதுவைத் தொடங்கும்படி எந்த நோயாளிக்கும் நான் சொல்வதில்லை.

அந்தப் பெரியவர் அன்றே மாத்திரையை மீண்டும் தொடங்கினார். புட்டியில் மீதமிருந்த எண்ணெயை வீணாக்காமல் கீரையில் ஊற்றிக்கொள்ளவும், அடுத்த புட்டிக்கான பணத்தில் முதலில் மருந்தும் பிறகு காய்கறியும் வாங்கவும் மகளிடம் சொன்னேன்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மூன்று நாள்கள் வீட்டில் உண்டவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். என்ன மாற்றலாம் என்று சேர்ந்து பார்ப்போம். எந்த உணவைத் தொடங்கினாலும், எங்களைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.