எழுதிக் கொடுத்த வீட்டில் உம்மாவின் உரிமை

என்னிடம் படிக்கும் ஒரு மாணவன் சில வாரங்களாகத் தினமும் பிந்தி வந்தான். காரணம் கேட்டேன். "மூத்தம்மாவுக்குச் சாப்பாடு குடுத்துட்டு வாறன் சேர்" என்றான். மூத்தம்மா இருப்பது இளைய மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீட்டின் பின்பக்கக் குசினியில். சாப்பாடு போவது மகன் வீட்டிலிருந்து. பள்ளிவாசலில் சொன்னீர்களா என்று பையனின் வாப்பாவிடம் கேட்டேன். "உம்மா வேணாம் என்டுறா சேர், மகள்ட மானம் போயிருமாம்" என்றார். ஊரையும் பெயரையும் விடுவோம். நம் கரையோர ஊர்களில் இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல.

மார்க்கம் தெரியாத குடும்பமுமல்ல அது. இயலாத பெற்றோருக்கு வசதியுள்ள பிள்ளைகள் செலவு கொடுப்பது ஷாஃபி மத்ஹபில் கடமை என்பதை மத்ரஸாப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். செய்யாத பிள்ளையிடம் யார் போய்க் கேட்பது என்பதில்தான் சிக்கல். பள்ளிவாசல் நிர்வாகம் புத்தி சொல்லலாம், கட்டளையிட முடியாது. காதியிடம் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதிக்குத் தந்திருக்கும் தாபரிப்பு அதிகாரம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. உம்மா வாப்பாவுக்கு அதில் இடமில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டமும் வாழ்க்கைத் துணையையும் பிள்ளைகளையும் பற்றியதே.

பெற்றோருக்கான வாசல் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கானது. பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது, அவர்களின் தேவைகளைக் கவனிப்பது பிள்ளைகளின் பொறுப்பு என்று அது நேரடியாகவே சொல்கிறது. தன்னைத் தாபரிக்க இயலாத உம்மாவோ வாப்பாவோ இச்சட்டத்தின் கீழுள்ள தாபரிப்புச் சபைக்கு விண்ணப்பித்தால், மாதாந்தம் ஒரு தொகை கொடுக்கும்படி பிள்ளைகளுக்குக் கட்டளையிடலாம். அடி, ஏச்சு, மிரட்டல் என்று போனால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அது கணவன் மனைவிக்கு மட்டுமான சட்டமல்ல, பெற்றோரும் அதற்குள் அடங்குவர். அவர்களுக்காகப் பொலிஸ் அதிகாரியும் நீதவானிடம் விண்ணப்பிக்கலாம். பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை நிற்கும். அதன்படி நடக்கிறார்களா என்று பார்க்கும் வேலையை நீதிமன்றம் ஒரு சமூக சேவையாளரிடம் ஒப்படைக்கலாம்.

பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரை நாம் உதவிப்பணம் தருபவராகவே பார்த்துப் பழகிவிட்டோம். மாவடிப்பள்ளியில் உள்ளவர்களுக்கு அது காரைதீவுப் பிரதேச செயலகம். இச்சட்டங்கள் வந்த பின் அவர் ஒரு வீட்டுக்கு வருவது தருமம் செய்ய மட்டுமல்ல, அங்குள்ள முதியவரின் உரிமை பற்றிப் பேசவும்தான். ஆனால் விண்ணப்பம் இல்லாமல் தாபரிப்புச் சபை அசையாது. பிள்ளைக்கு எதிராக எந்த உம்மா மனசார ஒப்பம் வைப்பா?

இங்கிலாந்தில் இதை வேறு விதமாக அணுகியிருக்கிறார்கள். அங்கே 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், 42ஆம் பிரிவில், பராமரிப்புத் தேவையுள்ள ஒருவர் துன்புறுத்தப்படுகிறார் அல்லது கைவிடப்படுகிறார், தன்னைக் காத்துக்கொள்ள அவரால் இயலவில்லை என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தாலே உள்ளூராட்சி சபை விசாரித்தாக வேண்டும் என்கிறது. முறைப்பாடு தேவையில்லை. அங்கும் தெளிந்த புத்தியோடு வேண்டாம் என்பவரை வற்புறுத்த முடியாதுதான். இருந்தாலும் அவர் சொல்வதை யாராவது போய்க் கேட்டாக வேண்டும். மகளின் முன்னால் "நல்லாத்தான் இரிக்கன்" என்று சொல்லும் உம்மா, தனியாகக் கேட்டால் வேறு சொல்லக்கூடும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது உறுதி விடயம். மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காத ஊர்கள் நம்முடையவை. அந்தச் சீதன வழக்கம் சரியா என்பது இன்னொரு நாளைக்கு. ஆனால் நொத்தாரிசு வாசித்ததைக் கேட்டோமா கேட்கவில்லையா என்று தெரியாமலே பெற்றோர் ஒப்பம் வைத்துவிடுகிறார்கள். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்ற உரிமைச் சட்டத்தின்படி, மீளப்பெற முடியாதது என்று உறுதியில் எழுதியிருந்தால் தவிர முஸ்லிமின் நன்கொடை உறுதி மீளப்பெற முடியாததாகக் கருதப்படாது. அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. அது இருந்தால், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மோசமான நன்றிகெட்ட நடத்தையை நிரூபித்து நீதிமன்றம் மூலமே ரத்துச் செய்யலாம். வழக்குத் தொடரக் கால எல்லையும் உண்டு. இந்தியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனையிட்டு எழுதிய சொத்தை, பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயமே செல்லாது என்று அறிவிக்க வழிவிடுகிறது.

சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் சீவிய உரித்தை உறுதியில் எழுதிவைப்பது எளிது. கேட்க வெட்கப்படுகிறோம், மருமகன் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று. சீவிய உரித்து வைத்த கொடைக்கு முஸ்லிம் சட்டமல்ல, பொதுச்சட்டமே பொருந்தும். ஆகவே ஒப்பம் வைக்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த மாணவனின் வாப்பாவிடம் உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தெரியாது என்றார். உறுதி தங்கச்சியின் அலுமாரிக்குள் இருக்கிறதாம். கல்முனைக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.