மூட்டையின் மேலிருக்கும் பெயர்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளில் 'மருந்து' என்ற ஒரே சொல்லால் வழங்கும் கலவை ரகத்துக்கு ரகம் வேறுபடுகிறது. பச்சை ஒளிக்குப் பேரியமும் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியமும் நீலத்துக்குச் செம்பும் வெண்மைக்கு அலுமினியமும் சேர்வதால், அது நரம்புக்கு இழைக்கும் தீங்கும் சேர்மானத்தோடு மாறுகிறது.

எக்ஸ்ரே எடுக்கும்முன் நோயாளிகள் குடிக்கும் பேரியம் சல்பேட் நீரில் கரையாததால் குடல்வழியே அப்படியே வெளியேறிவிடும். அதே உலோகத்தின் இன்னோர் உப்பான பேரியம் நைட்ரேட், அதாவது தொழிலாளர்கள் சொல்லும் 'பச்சை உப்பு', நன்றாகக் கரைவது. நகக்கண்ணில் ஒட்டிய மருந்தைக் கழுவாமல் மதியத் தூக்குவாளியைத் திறக்கும் கைவழியே அது உடலுக்குள் சென்றால், நரம்பு, தசைச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் நுண்வழிகளை அடைக்கிறது. அளவு மிகுந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து, கைகால் தளர்ந்து, மூச்சுத்தசையும் செயலிழக்கக்கூடும். சீனாவின் சிச்சுவானில் 1940-களில் 'பா பிங்' எனப்பட்ட வாத நோய்க்கு, சமையல் உப்பில் கலந்திருந்த பேரியம் குளோரைடே காரணமாக அறியப்பட்டது.

ஈயத்தின் போக்கு வேறு. கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நரம்புச் செல்லுக்குள் புகும் அது, ஆண்டுக்கணக்கில் எலும்பில் தங்கி, கருவிலுள்ள குழந்தையின் மூளை வரை எட்டுகிறது. பட்டாசில் ஈயம், பாதரசம், ஆர்செனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றை உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையிலும், பேரிய உப்புகளை 2018 அக்டோபரிலும் தடை செய்து, 2023 செப்டம்பரில் பேரியத் தடையைத் தளர்த்தவும் மறுத்தது. ஆயினும் உள்குத்தகைக்கு விடப்பட்ட அறையிலும், சட்டத்துக்குப் புறம்பாக வீட்டுத் திண்ணையில் நடக்கும் வேலையிலும், மூட்டையில் இருப்பது என்னவென்று சொல்ல எவரும் இல்லை என்பதே பெருங்கொடுமை.

கையாளும் பொருளின் தீங்கைத் தொழிலாளருக்கு அறிவிக்கும் கடமையை, போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41-பி பிரிவு நிர்வாகத்தின்மீது சுமத்தியது. அக்கடமை 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. கைகால் தளர்ச்சி கண்டவுடன், பொருளின் பெயர் எழுதிய மூட்டைச் சீட்டோடு மருத்துவமனைக்குச் செல்வது உயிர்காக்கும். விழுங்கியது பேரியம் எனத் தெரிந்தால், மருத்துவர் பொட்டாசியம் ஏற்றுவதோடு, சல்பேட் உப்பைக் கொடுத்துக் குடலிலுள்ள எஞ்சிய நஞ்சைக் கரையாத சல்பேட்டாக மாற்ற இயலும். இழப்பீட்டுக்கும் அந்தச் சீட்டு வேண்டும்: ஈயமும் பாதரசமும் ஆர்செனிக்கும் தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய் அட்டவணையில் பெயர் சொல்லி இடம்பெற்றன, பேரியம் இடம்பெறவில்லை, ஆகவே வேலையால் வந்த நோய் என்பதை மெய்ப்பிக்க, கையாண்ட பொருளின் பெயரை முதல்நாள் மருத்துவக் குறிப்பிலேயே எழுதச் சொல்லிக் கேட்டுப் பெற வேண்டும்.