சுவர் வெடிப்பும் வீட்டின் அத்திவாரமும்

தைப்பொங்கல் நெருங்கியதும் வீடுகளுக்கு வெள்ளையடிப்பது நம்மவர் வழக்கம். சுவரிலே வெடிப்புக் காணப்படின், அதனைச் சீமெந்துச் சாந்தால் அடைத்து, மேலே வர்ணம் பூசி மறைத்துவிடுகிறோம். அடுத்த மாரி கழியுமுன் அதே வெடிப்பு அதே இடத்தில் மீண்டும் தோன்றுகின்றது. குற்றம் மேசனுடையதன்று. நிலம் அசையும்வரை எந்தச் சாந்தும் நில்லாது.

விறாந்தையின் சீமெந்துத் தளம் தாழ்ந்துவிட்டால் வீடே தாழ்கின்றதெனச் சிலர் கலங்குவர். சுவர் அத்திவாரத்தின்மேல் நிற்கின்றது. தளமோ அத்திவாரச் சுவர்களுக்கிடையே கொட்டிய மண்ணின்மேல் கிடக்கின்றது. அம்மண்ணைச் சரிவர இடித்து இறுக்காது விட்டாலும், பீலியில்லாக் கூரையின் தண்ணீர் அடியிலே ஊறி அதனை அரித்தாலும் தளம் கீழிறங்கும். தாழ்ந்த இடத்தின்மேல் இன்னொரு படை கொங்கிறீற்று இடுவோர் உளர். அது பாரத்தைக் கூட்டுவதேயன்றி வேறில்லை. தண்ணீருக்கு வழிசெய்து, பழுதான பகுதியை உடைத்தெடுத்து, கிறவலை ஆறு அங்குலப் படைகளாகப் பரப்பி, ஈரமாக்கி, ஒவ்வொரு படையையும் இடித்தபின்னரே புதிய தளம் இடல் வேண்டும். தளத்தில் துளையிட்டு, அடியிலே சீமெந்துக் கூழைச் செலுத்தி உயர்த்தும் முறையும் உண்டு; அதற்குத் தக்க இயந்திரமும் பழகிய கையும் வேண்டும்.

அத்திவாரம் அசைவதன் குறிகள் வேறு. யன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாக ஏறி ஒரு முனையில் அகன்றிருக்கும் வெடிப்பு, கால் அங்குலத்திலும் அகன்ற வெடிப்பு, இலகுவாகத் திறந்த கதவு நிலையிலே இறுகுதல் என்பன அவை. மயிரிழை போன்றவை பெரும்பாலும் சாந்து உலர்ந்ததனால் ஏற்படுவன. ஐயமிருப்பின், வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை இரு கரையிலும் சாந்தால் ஒட்டி, அருகே திகதியை எழுதிவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைகின்றது.

ஒரு மாதம் பார்த்து முடிவுசெய்தல் கூடாது. மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியிலுள்ள கருங்களி மாரியிலே நீரை உண்டு பருக்கும். கோடையிலே சுருங்கிப் பிளக்கும். அத்தகைய நிலத்தில் வெடிப்பும் பருவத்தோடு திறந்து மூடும். ஆதலால் ஒரு மாரியும் ஒரு கோடையும் கடக்கட்டும். அந்நிலத்தில் ஆழங் குறைந்த அத்திவாரம் இடுவது வீண்சிக்கனம் என்பதே என் எண்ணம்.

அத்திவாரத்தின் கீழே தோண்டிக் கொங்கிறீற்று இட்டுத் தாங்கவைத்தல் பொறியியலாளரின் மேற்பார்வையிலேயே நடைபெற வேண்டும். மூன்று நான்கு அடி நீளத் துண்டுகளாக, ஒன்றைவிட்டு ஒன்றாகத் தோண்டி நிரப்புவதே முறை. கூலி மிச்சமென்று முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டுபவர் சுவரைத் தம் தலைமேல் வீழ்த்திக்கொள்வார்.

மலைநாட்டுச் சரிவுகளில் கண்ணாடித் துண்டை நம்பிக் காத்திருத்தல் ஆகாது. அடைமழையிலே சுவரோடு முற்றத்து நிலமும் வெடித்து, மரங்கள் சாய்ந்து, புதிய ஊற்றுக்கள் கலங்கலாய்ப் பாய்ந்தால், அது மண்சரிவின் முன்னறிகுறி. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுள் புதையுண்டதை நாம் மறந்திலோம். அவ்வேளையில் மேசனைத் தேடாது, பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு உடனே வெளியேறி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.