மாதிரிப் பண்ணைக் காட்சியில் நிலத்தோற்றம் அமைக்கும் முறை

பொருட்காட்சிகளிலும், சந்தை கூடும் இடங்களிலும், கோயில் திருவிழாக்களிலும் வைக்கப்படும் சிறு மாதிரிப் பண்ணைகளைக் குடியானவர்கள் பலர் கண்டிருப்பார்கள். பச்சைத் தாள் ஒட்டிய வயல், கண்ணாடித் துண்டாலாகிய குளம், களிமண் மாடு, ஓலைக் குடிசை ஆகியவற்றைக் குழந்தைகள் சூழ்ந்து நின்று பார்த்து மகிழ்வதுண்டு. நிலமுடையோரோ ஒரு கணம் நோக்கிவிட்டு அப்பால் சென்றுவிடுகின்றனர். காரணம் யாதெனில், அக்காட்சியில் அவர்கள் தங்கள் நிலத்தைக் காண்பதில்லை. ஏரிக்குக் கீழிருக்கவேண்டிய நஞ்சை அதற்கு மேலே அமைந்திருக்கும். வாய்க்கால் மேடேறிச் செல்லும். எருக்குழியின் நீர் வடியும் பக்கத்திலேயே குடிநீர்க் கிணறு இருக்கும். மண்ணின் ஏற்றத்தாழ்வை இளமை முதல் அறிந்த ஒருவர் இவ்விதப் பிழை ஒன்றைக் கண்டமாத்திரத்தில், அம்மாதிரி சொல்லவந்த புத்திமதியையும் நம்பாது விடுவர்.

மாதிரியைப் பார்த்து ஒரு குடியானவர் செய்யும் முடிவு சிறிதன்று. செம்மண் புஞ்சையில் சமமட்ட வரப்புப் போடுவதென்றால் பணமும் ஆளும் செலவாகும். சாகுபடி நிலத்தில் சிறிது வரப்புக்குப் போகும். அண்டை நிலத்தாரின் சம்மதமும் வேண்டியிருக்கும். ஆதலின் மாதிரியின் மேடு பள்ளமும் நீர்ப்போக்கும் உண்மையோடு ஒத்திருத்தல் அவசியம். மழைநீரால் மண் அரிக்கப்படுவதையும் அதனைத் தடுக்கும் விதத்தையும் காட்டும் ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு, அதன் நிலத்தோற்றத்தை அமைக்கும் முறை கீழே விவரிக்கப்படுகின்றது.

அளவு

முதலில் ஓர் அளவைத் தெரிந்துகொண்டு அதனின்றும் பிறழாதிருக்கவேண்டும். நூற்றில் ஒன்று என்னும் அளவு மிகவும் சௌகரியமானது. நிலத்தில் 1 மீட்டர் மாதிரியில் 1 சென்டிமீட்டர் ஆகும். 1 ஹெக்டேர், அதாவது சுமார் 2 ஏக்கர் 47 சென்ட் நிலம், 1 மீட்டர் சதுரத் தட்டில் அடங்கும். ஒரு சென்ட் நிலம் ஏறக்குறைய 40 சதுர சென்டிமீட்டர் ஆகும். கிராமப் புலப்படத்தில் கண்ட எல்லை நீளங்களை அப்படியே சென்டிமீட்டராக எடுத்துக்கொள்ளலாமாதலால், உள்ளூரில் எல்லோரும் அறிந்த ஒரு புலத்தையே மாதிரிக்கு ஆதாரமாகக் கொள்வது நலம். நிலத்துக்கு உரியவரின் அனுமதியைப் பெற்றுக்கொள்க. இல்லையேல் சர்வே எண்ணைக் காட்டாது விடுக.

நீரோட்டத் தட்டுகள்

1 மீட்டர் சதுரமும் சுமார் 15 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள இரண்டு மரத்தட்டுகள் செய்து உட்புறம் தகரம் அடித்துக்கொள்க. இரண்டும் பக்கத்தில் பக்கமாக இருக்கவேண்டும். ஒவ்வொன்றின் கீழ்ப்புறத்திலும் நீர் வெளியேற ஒரு தூம்பு வைத்து, அதன் கீழே கண்ணாடி ஜாடி ஒன்றை நிறுத்தவேண்டும்.

தட்டின் அடியில் செங்கல் துண்டுகளைப் பரப்பிச் சரிவு உண்டாக்கி, அதன்மேல் களிமண்ணை மெழுகுக. தனிக் களிமண் காயும்பொழுது வெடிக்குமாதலால் உமியும் மணலும் கலந்து பிசையவேண்டும். இதன்மேல் அந்தப் புலத்திலிருந்தே கொணர்ந்து சலித்த மண்ணை 3 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, ஈரப்பதத்தில் இலேசாகத் தட்டிவிடுக. சாயமிட்ட மணலைவிடத் தம் ஊர் மண்ணைக் கண்டால் பார்ப்பவர்க்கு நம்பிக்கை உண்டாகும்.

பலகை போன்ற ஒரே சரிவாக நிலத்தை அமைத்தல் கூடாது. ஒரே சரிவில் சமமட்டக் கோடு நேராகவே ஓடும். வரப்பு ஏன் வளைந்து செல்லவேண்டுமென்பது விளங்காது. ஆகையால் இரு தட்டுகளிலும் நடுவே மேலிருந்து கீழாக ஆழமற்ற ஒரு தாழ்வு இருக்கட்டும். ஒரே அச்சுப்பலகையால் இரண்டையும் வழித்துவிட்டால் இரண்டு நிலங்களும் ஒன்றுபோல அமையும். பின்னர் ரசமட்டம் வைத்துச் சமமட்டக் கோட்டைக் குறித்தால், தாழ்வில் அக்கோடு மேட்டை நோக்கி வளைவதைக் காணலாம்.

இடப்புறத் தட்டில் உழவுச்சால்களைச் சரிவின் போக்கிலேயே இடுக. வலப்புறத்தில் சரிவுக்குக் குறுக்கே சால்களையிட்டு, இரண்டு சமமட்ட வரப்புகளும் அமைக்க. நூற்றுக்கு 2 சரிவுள்ள புஞ்சையில் வரப்புகளுக்கிடையே சுமார் 40 மீட்டர் விடுவது கணக்காதலால், தட்டில் 40 சென்டிமீட்டருக்கு ஒரு வரப்பு வரும். ஒவ்வொரு வரப்பின் ஓர் ஓரத்திலும் மிகைநீர் போகச் சிறு கூழாங்கல் பதித்த வழிவாய் ஒன்று வேண்டும். வழிவாயில்லாத வரப்பு பெருமழையில் உடைந்துபோகும். உடைந்த இடத்தில் ஓடை விழும்.

செங்குத்தளவு

இங்கே ஒரு சங்கடம் உண்டு. நூற்றுக்கு 2 சரிவானது 1 மீட்டர் தட்டில் 2 சென்டிமீட்டர் தாழ்வேயாகும். 60 சென்டிமீட்டர் வரப்பு 6 மில்லிமீட்டர் உயரமே நிற்கும். இவற்றைக் கண்ணுக்குப் புலப்படுத்துவதற்காகச் செங்குத்தளவை மட்டும் மும்மடங்காக்குவது வழக்கம். அப்பொழுது சரிவு 6 சென்டிமீட்டராகவும், வரப்பு 18 மில்லிமீட்டராகவும் ஆகும். அங்ஙனம் செய்தால், "உயரம் மூன்று மடங்காகக் காட்டப்பட்டுள்ளது, நிலத்தில் வரப்பின் உயரம் 60 சென்டிமீட்டர்" என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டையைத் தட்டின்மேல் வைக்கத் தவறலாகாது.

இதே காரணத்தால் நீரோட்டத் தட்டுகளில் ஆள், மாடு, வீடு எதனையும் வைத்தல் கூடாது. நூற்றில் ஒன்று அளவில் ஓர் ஆள் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமே இருப்பான். வரப்பின் அருகே அவனை நிறுத்தினால் வரப்பு ஆளுயரத்துக்கு மேற்பட்டதாகத் தோன்றும். அதனைக் கண்ட குடியானவர் இது தம்மால் ஆகக்கூடியதன்று என்று கைவிட்டுவிடுவர்.

மழை பெய்வித்தல்

1 சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் நீர் தெளித்தால் அது 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். இரு தட்டுகளிலும் மண் ஒரே ஈரப்பதத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஒரே அளவான இரு பூவாளிகளால், ஒரே உயரத்திலிருந்து, ஒரே வேகத்தில் முதலில் 5 லிட்டர் தெளிக்க. இடப்புற ஜாடியில் செந்நிறக் கலங்கல் விரைவில் வந்து விழும். வலப்புறத்தில் நீர் வரப்புகளின் பின்னே தங்கிச் சுவறும். ஜாடிக்கு வருவது சொற்பமே. பிறகு இன்னும் 5 லிட்டர் தெளித்தால் மிகைநீர் வழிவாய் மூலம் இறங்குவதையும் காட்டலாம். ஒவ்வொரு முறைக்குப் பின்னும் இரு தட்டுகளின் மேல்மண்ணையும் புதுப்பிக்கவேண்டுமாதலால், நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை நடத்துவதே போதுமானது. அந்நேரங்களை முன்னரே அறிவிப்புப் பலகை மூலம் தெரிவித்தல் நன்று.

இத்தகைய மாதிரி என்ன சொல்லக்கூடும், என்ன சொல்லக்கூடாது என்பதை நடத்துபவர் நன்கு அறிந்திருக்கவேண்டும். நிலத்தை நூற்றில் ஒன்றாகக் குறைத்தோமேயன்றி, மண்துகளையும் மழைத்துளியையும் குறைக்கவில்லை. சரிவையும் மிகுத்துக் காட்டியுள்ளோம். ஆகவே ஜாடியிலுள்ள மண்ணை நிறுத்து, ஹெக்டேருக்கு இத்தனை டன் போகும் என்று கணக்குச் சொல்வது தவறாகும். நீர் எவ்வழியே ஓடுகின்றது, மண் எங்கே கரைகின்றது, எதனால் தடைப்படுகின்றது என்பன மட்டுமே மாதிரியால் விளங்குவன. அளவைப் பற்றிக் கேட்பவர்க்கு வேறொரு கணக்கைச் சொல்லலாம். 1 ஹெக்டேர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மேல்மண் போனால் அது 10 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 13 முதல் 15 டன் மண்ணாகும். அவ்விழப்பு கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. எருவின் சத்தும் மக்கிய தழையும் பெரும்பாலும் அம்மேல்மண்ணிலேயே உள்ளன.

ஆழமான கரிசல் நிலத்துக்கு இம்முறை அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். கரிசல் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பின் வழியே நீர் புகுந்து வரப்பு உடையும். அங்கே நீரைத் தேக்காது மெல்ல வடித்துச் செல்லும் சாய்மட்ட வரப்புகளே ஏற்றவை.

நிலைப்பலகை

நீரோட்டத் தட்டுகளுக்குக் கீழே, 2 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மூன்றாவது பலகை ஒன்று இருக்கட்டும். இதில் அகலம், உயரம் இரண்டும் நூற்றில் ஒன்றே. மேற்புறத்தில் ஏரி, அதன் கரை, மதகு, கலிங்கு. அவற்றின் கீழே வாய்க்காலும் நஞ்சையும். ஒருபுறம் மேட்டில் வீடு, களம், தொழுவம், எருக்குழி. எருக்குழியின் வடிகாலுக்கு எட்டாத மேட்டில் கிணறு. ஜாடியில் விழும் கலங்கல் எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவர்க்கு இந்த ஏரியைக் காட்டலாம். மேட்டுப் புஞ்சைக்காரர் இழந்த மண்ணே ஊரேரியின் வண்டலாகி, ஆயக்கட்டுக்காரரின் நீரைக் குறைக்கின்றது.

வெறும் பலகையின்மேல் மூங்கிற்சிம்பு கட்டி, களிமண் குழம்பில் தோய்த்த கோணிச்சாக்கை விரித்தால் இலேசான மேடுகள் அமையும். வீடுகளுக்குக் காகிதக்கூழில் புளியங்கொட்டைப் பசை சேர்த்துக்கொள்ளலாம். பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் சிறிது மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சாதலால் குழந்தைகள் கைக்கு எட்டலாகாது. கலந்தபின் கையை நன்கு கழுவவும் வேண்டும்.

பயிரும் மரமும்

நவராத்திரிக் கொலுவில் கேழ்வரகையும் கடுகையும் முளைக்கவைத்து வயல் காட்டும் வழக்கத்தை நம் வீட்டுப் பெண்மக்கள் நன்கறிவர். அம்முறையை இங்கும் கையாளலாம்; ஆனால் அளவை நோக்கவேண்டும். 3 சென்டிமீட்டர் முளை 3 மீட்டர் பயிருக்குச் சமமாதலால் அது கரும்புத் தோட்டத்துக்கே தகும். நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் பச்சைச் சாயத்தில் கொதிக்கவைத்து நிழலில் உலர்த்திய மரத்தூளே ஏற்றது. கடலைச்செடி மாதிரியில் 3 அல்லது 4 மில்லிமீட்டரே இருக்கும்.

தென்னைக்குத் துடைப்ப ஈர்க்கின் அடிப்பாகமும், 20 சென்டிமீட்டர் பனைக்கு அதனினும் தடித்த மூங்கிற்குச்சியும் தண்டாகும். கத்தரித்த பச்சைத்தாளே மட்டை. வேம்பு, புளி முதலியவற்றுக்குக் காய்ந்த விளாரில் சாயமிட்ட பீர்க்கங்கூட்டைப் பிய்த்து ஒட்டுக. கடையில் விற்கும் 8 சென்டிமீட்டர் களிமண் பசுவை வைத்தால், அது 8 மீட்டர் உயரப் பசுவாகி வீட்டையும் மறைத்துவிடும். உண்மைப்படி பசு ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேற்படாது.

நிறத்திலும் நேர்மை வேண்டும். முதலில் ஒரு மாதத்தைத் தெரிந்துகொண்டு, காட்சி முழுவதையும் அம்மாதத்துக்கே ஏற்ப அமைக்கவேண்டும். ஆடிப்பட்டத்தில் மானாவாரிக் கடலை விதைப்பைக் காட்டினால், புஞ்சை பெரும்பாலும் செந்நிறமாகவே இருத்தல் வேண்டும். பக்கத்திலேயே தைமாதச் சம்பா அறுவடையைக் காட்டலாகாது.

அயல்நாட்டு மாதிரி ஒன்று

ஒரே நிலத்தை வெவ்வேறு நிலையில் காட்டும் முறைக்கு அமெரிக்காவில் புகழ்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் பீட்டர்ஷாம் என்னுமிடத்திலுள்ள ஹார்வர்டு வன நிலையத்தின் காட்சிச்சாலையில், பெரும்பாலும் 1930-களில் செய்யப்பட்ட 23 காட்சிப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒரு வரிசை, ஒரே நிலம் 1700-இல் காடாகவும், 1740-இல் புதிதாகத் திருத்தப்பட்ட பண்ணையாகவும், 1830-இல் முற்றும் சாகுபடி நிலமாகவும், 1850-இல் கைவிடப்பட்ட வயலாகவும், பின்னர் மீண்டும் காடாகவும் மாறியதைக் காட்டுகின்றது. நிலம் அதுவே என்று தெளிவதாலேயே, மாறுதல் மனிதரால் நேர்ந்தது என்பது சொல்லாமலே விளங்குகின்றது. நம் இரு தட்டுகளும் ஒரே அச்சில் அமையவேண்டுமென்று மேலே வற்புறுத்தியதும் இக்கருத்துப் பற்றியே.

எல்லைக்கோடு

இறுதியாக, கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியது ஒன்று. புலப்படத்திலுள்ள பட்டா எல்லைகளை வலப்புறத் தட்டில் வெள்ளை நூலால் இழுத்துக்கட்டி, எல்லைக்கற்களுக்கு வெண்ணிறக் கூழாங்கல் வைக்க. எல்லைகள் நேர்கோடாகச் செல்லும். சமமட்ட வரப்போ வளைந்து வளைந்து இரண்டு மூன்று பட்டாக்களைக் கடந்து செல்லும். ஒருவர் மட்டும் தம் எல்லைக்குள் வரப்பிட்டு நிறுத்தினால், தேங்கிய நீர் முனையில் திரும்பி அண்டைப் புலத்தை அரிக்கும். வழிவாயின் நீர் யார் நிலத்தின் வழியே ஓடைக்குச் செல்வது என்பதும் முன்னதாகத் தீரவேண்டிய விஷயம். இவற்றைப் பேசித் தீர்க்காமல் வேலை தொடங்கியவிடத்து, வரப்பைவிட வழக்கே நீண்டுபோகக்கூடும்.

ஆகவே மழை பெய்வித்துக் காட்டியபின் கூட்டத்தைக் கலைத்துவிடாமல், அந்தப் புலங்களுக்கு உரியவர்களை மேசையைச் சுற்றி நிறுத்தி, நூலையும் வரப்பையும் காட்டிப் பேசச் செய்க. மாற்றியமைக்கவேண்டுமென்று அவர்கள் விரும்பினால், வழிவாயை அவர்கள் கையாலேயே இடம் மாற்றி மறுபடி நீர் தெளித்துப் பார்க்கட்டும். தட்டில் ஒருபிடி மண்ணோடு திருத்தக்கூடிய பிழை, நிலத்தில் நேர்ந்தபின் ஓர் ஆண்டின் மழையையும் இரு குடும்பங்களின் சினேகத்தையும் கொண்டுபோய்விடும். மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் முந்தியே இக்காட்சியை நடத்தினால், பேசி முடிப்பதற்கும் வரப்பிடுவதற்கும் போதிய அவகாசம் இருக்கும்.